யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போகாதவர்கள்

ஏ-9 வீதியில் வவுனியாவிலிருந்து வடக்கே போகிறவர்கள் ஓமந்தையையும் புளியங்குளத்தையும் தாண்டினால் கனகராயன்குளம் வரும். அடுத்தது மாங்குளம். ஊரின் பெயரைத் தாங்கிய கனகராயன் ஆறு வீதியைப் போலவே வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுக் குளத்தை நிரப்பிவிட்டுச் சுண்டிக்குளம் கடனீரேரியில் சேருகிறது. மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு வீதி. ஒட்டுசுட்டானுக்குக் கிட்டக் கற்சிலைமடு. மேற்கே திரும்பினால் மல்லாவி, துணுக்காய், அதற்கப்பால் பனங்காமம். வன்னித் தலைவர்களின் படை வரலாற்றைச் சொல்லப் புகுந்தால் கற்சிலைமடுவையும் பனங்காமத்தையும் சொல்லாமல் தீராது. பனங்காமத்தில் இருந்த ஒரு தலைவன் ஒல்லாந்தரை வருடக்கணக்காகக் காக்கவைத்தான். கற்சிலைமடுவில் இன்னொரு தலைவனை ஆங்கிலேயப் படை விடியற்காலையில் வளைத்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுக்காட்டில் கிடக்கிறது கனகராயன்குளம்.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று ஐரோப்பிய அரசுகள் அடுத்தடுத்து வடக்கே வந்தன. வன்னியர்களோடு மூன்றுக்கும் ஓயாத இழுபறி. நிலம், நெல், யானை எல்லாமே அந்த இழுபறியில் இருந்தன. ஆனாலும் ஒல்லாந்தக் கொமாண்டர்கள் தமக்குப் பின் வருபவருக்கு எழுதிவைத்துப் போன குறிப்புகளைப் படிக்கும்போது, அவர்களை அதிகம் உறுத்திய கேள்வி வேறொன்று என்று தெரிகிறது. வன்னியத் தலைவன் யாழ்ப்பாணக் கோட்டைக்கு நேரில் வந்து வணங்குவானா, மாட்டானா?

இந்தக் கேள்விக்கு முகங்கொடுக்காமல் வாழ்ந்து காட்டியவன் பனங்காமத்துக் கைலை வன்னியன். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தபோது, வன்னியின் திறையும் தங்களுக்கே வரவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். கைலை வன்னியன் சண்டைக்கு வரவில்லை, கோட்டைக்கும் வரவில்லை. சொல்லவேண்டியதை ஆட்களிடம் சொல்லி அனுப்பினான். 1678இல் அவன் இறக்கும்வரை இதுதான் நடந்தது. அதன் பிறகே ஒல்லாந்தரால் தங்களுக்கு இணங்கிய தலைவர்களைப் பனங்காமத்தில் அமர்த்த முடிந்தது. 1697இல் கொமாண்டர் ஹென்றிக் ஸ்வார்டெக்ரூன் எழுதிய குறிப்பில் தொன் பிலிப் நல்லமாப்பாணன், தொன் கஸ்பார் இளங்கநாராயண மாப்பாணன் என்ற பெயர்கள் வருகின்றன. முன்னே போர்த்துக்கேய ஞானஸ்நானப் பெயர், பின்னே பழைய வன்னிப் பட்டம். அந்தக் காலத்து வன்னித் தலைவன் எந்த நெருக்கடிக்குள் வாழ்ந்தான் என்பதற்கு அந்தப் பெயர்களே சாட்சி.

கண்டி அரசனின் சிறைப்பிடியில் பத்தொன்பது ஆண்டுகள் கழித்த ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் 1679இல் காட்டுவழியாகத் தப்பி, ஆற்றோரம் நடந்து அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலின் தேசப்படத்தில், அநுராதபுரத்துக்கு வடக்கே கிடந்த நிலம் கைலை வன்னியனின் நாடு என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. எழுத்துகள் ஆங்கில நாவுக்கேற்பத் திரிந்திருந்தாலும் பெயர் அவன் பெயர்தான். அதற்குள் அவன் இறந்துவிட்டான் என்பது நொக்ஸுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த நிலப்பரப்பைக் கண்டியின் பகுதி என்றோ ஒல்லாந்தரின் பகுதி என்றோ எழுத அவர் முன்வரவில்லை. தலைவனின் பெயரையே நாட்டுக்கு இட்டார்.

வன்னியர்களின் இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு துணை தேட வேண்டுமானால் ராஜஸ்தானத்து மேவாருக்குத்தான் போகவேண்டும். சிசோதியக் குலத்து ராணா பிரதாப் 1576 யூன் மாதம் ஹல்திகாட்டியில் அக்பரின் படையை எதிர்கொண்டார். எதிரே அந்தப் படையை நடத்தி வந்தவரும் ஒரு ராஜபுத்திரர், ஆம்பேர் மான்சிங். களம் பிரதாப்புக்குச் சாதகமாக முடியவில்லை. அவர் ஆரவல்லி மலைக்குள் போனார். பில் பழங்குடிகளின் துணையோடு மலையையும் காட்டையும் கோட்டையாக்கிக்கொண்டு, இழந்த ஊர்களில் பலவற்றை மீட்டார். அவருடைய மகன் அமர்சிங் 1615இல் ஜஹாங்கீரோடு உடன்படிக்கைக்கு வந்தபோது மொகலாயரின் மேலாண்மையை ஏற்றார். சித்தூர்க் கோட்டையைத் திருத்திக் கட்டுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் ராணா அரசவைக்கு நேரில் வரவேண்டியதில்லை என்று ஒரு விலக்கை எழுதி வாங்கிக்கொண்டார். அவருக்குப் பதிலாக மகன் கரண்சிங் போனார்.

திறை கொடுக்கலாம், படை அனுப்பலாம், பெயரளவில் மேலாண்மையையும் ஏற்கலாம். ஆனால் இன்னொருவனின் மண்டபத்தில் போய்த் தலை தாழ்த்தி நிற்பதில்லை. மேவாரில் இது உடன்படிக்கையில் ஏறியது. பனங்காமத்தில் எழுதாமலே நடந்தது. வன்னியின் படைப் பாரம்பரியம் என்று எதையாவது சொல்லவேண்டுமென்றால், எத்தனை களம் வென்றார்கள் என்ற கணக்கைவிட இந்த மறுப்பையே முதலில் சொல்லவேண்டும்.

மறுப்பதற்குப் பின்பலம் வேண்டும். வன்னியனுக்குக் காடே பின்பலம். 1560இல் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா பெரும் படையோடு யாழ்ப்பாணத்தைத் தாக்கியபோது, சங்கிலி மன்னன் பின்வாங்கியது வன்னிப் பக்கம்தான். துரத்தி வந்தவர்களை நோயும் பசியும் தளர்த்தின. வன்னியில் மதில் சூழ்ந்த பெருங்கோட்டை எதுவும் இல்லை. தேவையும் இருக்கவில்லை. மாரியில் பாதைகள் வெள்ளத்தில் அழுந்தும். கோடையில் குளம் இருக்கும் இடம் தெரிந்தவனுக்குத்தான் தண்ணீர். மழைக்குப் பின்னால் காய்ச்சல் வரும். பீரங்கி இழுத்துவரும் படைக்கு இவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பகை. ஊரவனுக்கோ ஒவ்வொரு குளக்கட்டும் ஒரு காவலரண், ஒவ்வொரு ஆற்றுத்துறையும் ஒரு பதுங்கிடம்.

தெற்கே கண்டி, வடக்கே யாழ்ப்பாணம் என்ற கிடப்பும் வன்னியனுக்கு உதவியது. ஒருபக்கம் நெருக்கினால் மறுபக்கம் சாய்வான். கண்டி அரசனுக்கும் கரையை வைத்திருந்த ஒல்லாந்தருக்கும் பகை இருந்தவரையில் இந்த வழி திறந்தே இருந்தது. காட்டின் தலைவர்களுக்கு இது துரோகமாகத் தோன்றவில்லை. எல்லையில் வாழ்கிறவர்களின் அரசியல் உலகெங்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

யார் இந்த வன்னியர்? பதின்மூன்றாம் நூற்றாண்டில் கலிங்கமாகனின் படையெடுப்போடு பொலன்னறுவை சரிந்தது. அந்தச் சிதைவில், காட்டோரத்துச் சிற்றரசர்களாக வன்னி அரசர்கள் பற்றிச் சூளவம்சம் பேசத் தொடங்குகிறது. தம்பதெனியாவை ஆண்ட மூன்றாம் விஜயபாகுவும் அவர் மகன் இரண்டாம் பராக்கிரமபாகுவும் அவர்களைத் தம்பக்கம் இழுக்கவேண்டியிருந்தது. தமிழில் யாழ்ப்பாண வைபவமாலை, வையாபாடல், கோணேசர் கல்வெட்டு ஆகிய மூன்றும் அவர்கள் வந்த கதையைத் தத்தம் போக்கில் சொல்கின்றன. வைபவமாலை, 1736 அளவில் ஒல்லாந்த அதிகாரி மக்கராவின் கேள்விக்கு விடையாக மயில்வாகனப் புலவர் தொகுத்தது. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்று வன்னி பல பற்றுகளாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவன். எல்லோருக்கும் மேலே ஒரு பேரரசன் வந்ததில்லை. வன்னிக்கு வழங்கிய அடங்காப்பற்று என்ற பெயர் இந்தப் பிரிவினைக்கும் பொருந்தும், பிடிவாதத்துக்கும் பொருந்தும்.

சாதி என்று தேடிப் போகிறவர்களை இந்தக் கேள்வி சுற்றவைக்கும். நெருப்பில் பிறந்த குலம் என்ற கதை தமிழ்நாட்டு வன்னியருக்கு உண்டு. வேள்வித் தீயிலிருந்து குதிரையேறி வந்த வீரவன்னியனைப் பற்றிய புராணம் அது. ராஜபுத்திரர்களில் பரமாரர், சௌகான்கள், சோலங்கிகள், பிரதிகாரர் ஆகிய நான்கு குலத்தவருக்கும் அதே கதை. அபு மலையில் வசிட்டர் வளர்த்த தீயில் பிறந்தோம் என்பார்கள். பரமாரருக்கு இந்தக் கதையைப் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பத்மகுப்தர் தம் சமஸ்கிருதக் காவியத்தில் பாடிவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் டாட் எழுதிய ராஜஸ்தான வரலாறு அதை உலகம் அறியச் செய்தது. தூரத்தில் கிடக்கிற இரண்டு படைக்குடிகள், சூரியனும் சந்திரனும் ஏற்கெனவே மற்றவர்களுக்குச் சொந்தமாகிவிட்ட நிலையில், நெருப்பைத் தாயாக்கிக்கொண்டார்கள். இதை நம்புவதா விடுவதா என்பது முக்கியமில்லை. ஆளும் உரிமையை வாளால் பெற்றவன், அதற்கொரு பிறப்புக் கதையும் வேண்டும் என்று நினைத்திருக்கிறான்.

ஆனால் ஈழத்து வன்னியர் ஒரே இரத்தத்தில் வந்தவர்கள் அல்லர். வன்னியனார் என்பது இங்கே பெரும்பாலும் ஒரு பதவி. அடங்காப்பற்றில் தமிழ்த் தலைவர்கள் அந்தப் பதவியில் இருந்தார்கள். நுவரகலாவியில் சிங்களத் தலைவர்கள் அதே பெயரோடு இருந்தார்கள். புத்தளத்திலும் மட்டக்களப்பிலும் முக்குவர் குலத்து வன்னியர் இருந்தார்கள். கா. இந்திரபாலாவும் சி. பத்மநாதனும் 1970ஆம் ஆண்டையொட்டி வன்னிச் சிற்றரசுகளை ஆராய்ந்து எழுதியபோது இந்தப் பன்மையை நன்றாகவே காட்டினார்கள். வியப்பு என்னவென்றால், ராஜபுத்திரர்களைப் பற்றியும் அதே தசாப்தத்தில் அதே திசையில் ஆய்வு போனது. பல்வேறு குடிகள் நிலத்தைப் பிடித்து, கோட்டை கட்டி, மண உறவு வைத்து, காலப்போக்கில் ராஜபுத்திரர் ஆனார்கள் என்று பி. டி. சட்டோபாத்யாயா 1976இல் எழுதினார். குலம் நிலத்தைப் பிடித்தது என்பார்கள். இரண்டு இடத்திலும் நிலம்தான் குலத்தை உண்டாக்கியிருக்கிறது.

ராஜபுத்திரனை நினைத்தால் குதிரை நினைவுக்கு வரும். பிரதாப்பின் சேத்தக் குதிரைக்கு இன்றும் ஹல்திகாட்டியில் சமாதி உண்டு. வன்னியனை நினைத்தால் யானை.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வன்னியிடம் முக்கியமாகக் கேட்டது யானையைத்தான். காட்டில் பிடித்து, பழக்கி, வடக்கே நடத்திக் கொண்டுவந்து, கடல்நீரைக் கடந்து குடாநாட்டுக்குள் இறக்கிய துறைக்கு ஆனையிறவு என்று பெயர் நின்றுவிட்டது. அங்கிருந்து யாழ்ப்பாணம். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்து யானை விற்பனைக்குக் கோல்கொண்டாவிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள். உயரத்தை அளப்பார்கள், கொம்பு பார்ப்பார்கள், நகமும் தோலும் குறையில்லாமல் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். ஊர்காவற்றுறைப் பக்கத்தில் கப்பலேற்றுவார்கள். இந்திய அரசர்களின் படையில் போய் நின்ற யானைகளில் எத்தனையோ இந்தக் காட்டில் பிறந்தவை. ஒல்லாந்தக் கம்பனிக்கு இலங்கையில் கறுவாவுக்கு அடுத்த வருமானங்களில் யானையும் ஒன்று. ஆகவே வன்னியன் திறையை நிறுத்தினால் அது மானப் பிரச்சினையாக மட்டும் முடியவில்லை. கொழும்புக்கும் பத்தாவியாவுக்கும் அனுப்பும் கணக்கிலும் துண்டு விழுந்தது.

யானை பிடிப்பது பணிக்கர்களின் தொழில். யானையின் பின்காலில் கயிற்றுச் சுருக்கை மாட்டி, மறுமுனையை மரத்தில் சுற்றிவிட்டு, யானை திரும்புவதற்குள் விலகவேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து நெருங்கவேண்டும்; தடம் எத்தனை நாழிகைக்கு முந்தியது என்று மண்ணைப் பார்த்துச் சொல்லவேண்டும். வன்னிப் படைக்கு வேறு பயிற்சிக் களம் இருந்திருக்குமா? பதுங்கவும் பொறுக்கவும் ஒரே பாய்ச்சலில் முடிக்கவும் இந்தத் தொழில் ஆளைப் பழக்கிவிடும்.

இந்த உலகத்திலிருந்து வன்னிக்குக் கிடைத்த அரிய செல்வம் வேலப்பணிக்கன் ஒப்பாரி. வன்னியில் வாய்வழியாக வழங்கிவந்த நெடும்பாட்டு அது. ஊரை அலைக்கழித்த கொம்பன் ஒன்றைப் பிடிக்கவேண்டும் என்ற சவால் எழுகிறது. பணிக்கர்கள் நிற்க, வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை கயிறெடுத்துக் காட்டுக்குப் போகிறாள். யானையைக் கட்டிக்கொண்டு வருகிறாள். பொறாமை கொண்டவர்கள் அவளுக்கு நஞ்சூட்டுகிறார்கள். அவள் இறக்க, கணவன் அவளுடைய சிதையிலே விழுந்து மாய்கிறான். கணவனுக்காக மனைவி எரிந்த கதைகள் இந்தியா முழுக்கக் கிடைக்கும். வீரத்தில் மிஞ்சிய மனைவிக்காகக் கணவன் எரிந்த கதையை வன்னி சொல்லிவைத்திருக்கிறது. முல்லைத்தீவுப் பக்கத்தில் இதை ‘வேழம்படுத்த வீராங்கனை’ என்று கூத்தாகவும் ஆடுகிறார்கள். வன்னியின் படைப் பெருமையைப் பேசுகிறவர்கள் மாப்பாணர்களோடு நின்றுவிடாமல் அரியாத்தைக்கும் முன்வரிசையில் இடம் கொடுக்கவேண்டும். அவள் எந்தப் பட்டமும் இல்லாத வீட்டுப் பெண்.

வழக்கமான கதையும் வன்னியில் இல்லாமல் இல்லை. போருக்கு வந்த வன்னியர்கள் மாண்ட செய்தி கேட்டு, பின்னால் வந்த அவர்களுடைய மனைவியர் தீயில் இறங்கினார்கள் என்றும், அவர்களே நாச்சிமாராக வணங்கப்படுகிறார்கள் என்றும் ஒரு பழங்கதை உண்டு. சித்தூரில் 1303, 1535, 1568 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கோட்டை விழும் தறுவாயில் பெண்கள் கூட்டமாகத் தீப்புகுந்தார்கள். ஜௌஹர் என்று ராஜபுத்திரர்கள் அதைப் போற்றுகிறார்கள். அந்தப் பெண்களின் துயரத்துக்கு மரியாதை செய்யலாம். அதைப் பாரம்பரியத்தின் உச்சம் என்று கொண்டாடுவது சரியில்லை. ஆண்கள் தோற்ற போருக்குப் பெண்கள் கட்டிய விலை அது. வன்னியில் பெண்கள் வேறு வழியும் எடுத்திருக்கிறார்கள் என்பதற்கு 1782 இருக்கிறது.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். கரையெல்லாம் பதற்றம். அதே ஆண்டு ஒல்லாந்தர் வன்னியை முழுதாக அடக்கிவிடுவதென்று படை அனுப்பினார்கள். நூறாண்டுக்கு மேலாகத் தவணை சொல்லிவந்த தலைவர்களின் ஆட்சியை அந்தப் படையெடுப்பு உடைத்தது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த கடும் எதிர்ப்பு ஒரு பெண்ணிடமிருந்து. வன்னிச்சி என்று எமர்சன் டெனன்ட் 1859இல் வெளிவந்த தம் நூலில் அவளைக் குறிக்கிறார். வேறெங்கும் காணாத உறுதியோடு அவள் எதிர்த்து நின்றாள் என்றும், கைதியாகக் கொழும்புக் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டாள் என்றும் சொல்கிறார். மரியா செம்பாத்தை என்று அவளுடைய பெயர் பதிவாகியிருக்கிறது. அவளும் கோட்டைக்குப் போனாள்தான். விலங்கோடு போனாள், வணங்கப் போகவில்லை.

வென்ற ஒல்லாந்தர் தோமஸ் நாகெல் என்ற படை அதிகாரியை வன்னிக்குப் பொறுப்பாக வைத்தார்கள். அவர் முல்லைத்தீவில் இருந்துகொண்டு நெல்வருமானத்தைக் கணக்கெடுத்தார். 1793இல் வன்னியைப் பற்றி ஓர் அறிக்கையும் எழுதினார். குளமும் வயலும் பெருகும் என்று நம்பினார். மூன்றே ஆண்டில் ஒல்லாந்தரின் இலங்கை ஆட்சியே முடிந்துபோனது. 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இனிப் பண்டாரவன்னியன். குலசேகரம் வைரமுத்துப் பண்டாரவன்னியன் என்று நினைவுகூரப்படும் இந்தத் தலைவன் எழுந்த தருணத்தைப் பார்க்கவேண்டும். 1803 யூன் மாதம் கண்டியில் மேஜர் டேவியின் ஆங்கிலேயப் படை சரணடைந்து அழிந்தது. ஆளுநர் பிரடெரிக் நோர்த்தின் கண்டிப் போர் படுதோல்வியில் கிடந்தது. கரையோரக் காவல்கள் மெலிந்திருந்தன. கண்டியரின் துணையோடு பண்டாரவன்னியன் ஓகஸ்ட் 25ஆம் திகதி முல்லைத்தீவைத் தாக்கினான். கப்டன் ட்ரீபேர்க்கின் காவற்படை தாக்குப்பிடிக்க முடியாமல் கடல்வழியாக யாழ்ப்பாணத்துக்குத் தப்பியது. கோட்டையும் அங்கிருந்த பீரங்கியும் வன்னியன் கையில். அவனுடைய ஆட்கள் ஆனையிறவு வரை போனார்கள். தலைமுறை தலைமுறையாக யானையை நடத்திக்கொண்டு திறை கட்டப் போன அதே வழி.

இரண்டு மாதம் கழித்து ஆங்கிலேயர் மூன்று பக்கமாக வந்தார்கள். மன்னாரிலிருந்து கப்டன் மட்ஜ், யாழ்ப்பாணத்திலிருந்து லெப்டினன்ட் ஜுவெல், திருகோணமலைப் பக்கத்திலிருந்து ட்ரீபேர்க். முல்லைத்தீவில் தோற்ற அதே ட்ரீபேர்க்தான். ஒக்டோபர் 31ஆம் திகதி, விடியப்புறம் ஐந்து மணியளவில், கற்சிலைமடுவில் பாசறையிட்டிருந்த பண்டாரவன்னியனை அவர் எதிர்பாராத நேரத்தில் வளைத்தார். சண்டை நெடுநேரம் நீடிக்கவில்லை. ஊர் எரிந்தது. பீரங்கி திரும்பப் போனது.

நாட்காட்டியைப் பார்த்தால் அந்தத் திகதியின் பொருள் புரியும். ஐப்பசி நடுப்பகுதி. வடகீழ்ப் பருவமழை பிடிக்கும் வேளை. இன்னும் இரண்டு கிழமை போயிருந்தால் பேராறும் கனகராயன் ஆறும் நிறைந்து, மூன்று படைகளும் மூன்று திசையில் சேற்றில் நின்றிருக்கும். பண்டாரவன்னியனுக்கும் அது தெரிந்திருக்கும். மழை வரும்வரை தாக்குப்பிடித்தால் ஒரு வருடம் கையில் கிடைக்கும். அவன் தோற்றது வீரக் குறைவால் அல்ல. கைலை வன்னியன் காலத்தில் பலவீனமாக இருந்த ஒன்றை ஆங்கிலேயர் திருத்திக்கொண்டார்கள்: மூன்று பட்டாளத்தை ஒரே வேளையில் காட்டுக்குள் நகர்த்தும் ஒழுங்கு. காடு என்ற கோட்டைக்கு வாசல் பல என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

மக்கள் சொல்லும் கதையில் இந்தக் காரணங்கள் இல்லை. அதில் காக்கை வன்னியன் இருக்கிறான். பண்டாரவன்னியனின் தங்கை நல்லநாச்சியை மணக்க ஆசைப்பட்டு, அது கைகூடாததால் வெள்ளைக்காரனிடம் காட்டிக்கொடுத்தவன். வன்னியில் இன்றும் ஒருவனைக் காக்கை வன்னியன் என்றால் வேறு வசை தேவையில்லை. ராஜபுத்திரர் நாட்டிலும் அச்சாக இப்படி ஒருவர் உண்டு. 1192இல் தராயின் களத்தில் பிருத்விராஜ் சௌகான் முகமது கோரியிடம் தோற்றதற்குக் கன்னோசி அரசர் ஜெய்சந்த் காட்டிக்கொடுத்ததுதான் காரணம் என்று வட இந்தியா முழுக்கச் சொல்வார்கள். அங்கும் ஒரு பெண், சம்யுக்தை. அங்கும் கைகூடாத மணம். ஜெய்சந்த் கோரியை அழைத்தார் என்பதற்குச் சமகாலச் சான்று இல்லை. தோல்வியை எதிரியின் திறமைக்கு விட்டுக்கொடுக்க மனம் வராதபோது, கதை உள்வீட்டில் ஒருவனைத் தேடிப் பிடிக்கிறது. காக்கை வன்னியன் கதையை மேடையில் பார்க்கும்போது சனம் கொதிப்பது நியாயம்தான். ஆனால் வரலாறு படிக்கிற பிள்ளைக்கு ஆங்கிலேயரின் மூன்று முனைத் திட்டத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் நம்முடைய தோல்விகளிலிருந்து நாம் படிப்பது சந்தேகம் மட்டும்தான்.

பண்டாரவன்னியனுக்குப் பிறகு வன்னிமை என்ற ஆட்சி முடிந்தது. குளங்கள் உடைந்து, காய்ச்சல் பெருகி, பல ஊர்கள் காடாகின. 1895இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களுக்கு ஒரு கையேடு எழுதியபோது அவருக்குக் கிடைத்தது ஒல்லாந்தக் குறிப்புகளும் ஊரவர் சொன்ன கதைகளும் புதைந்துபோன அணைகளுமே. 1905இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது. புளியங்குளமும் மாங்குளமும் நிலையங்களாயின. படைகள் ஆறு மாதம் யோசித்து நுழைந்த காட்டைப் பயணிகள் சில மணி நேரத்தில் கடந்தார்கள்.

ஆனாலும் உள்நாட்டுப் போரில், இலங்கை இராணுவம் விடுதலைப் புலிகளுக்கு எதிராக 1997 மேயில் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கையில், ஓமந்தை தொடங்கி மாங்குளம் வரையான இதே வீதிக்காகச் சண்டை ஒன்றரை ஆண்டு நடந்தது. 1999 நவம்பரில் சில நாட்களில் எல்லாம் மறுபடி கைமாறியது. கனகராயன்குளத்துச் சனம் அந்த ஆண்டுகளில் இடம்பெயர்ந்து, திரும்பி, மீண்டும் இடம்பெயர்ந்த கணக்கை எந்தக் கொமாண்டரும் அடுத்தவருக்கு எழுதிவைக்கவில்லை. படைப் பாரம்பரியம் என்று பெருமையாகப் பேசும்போது, எல்லாப் படையும் கடைசியில் வந்து நிற்பது யாரோ ஒருவரின் வயலில் என்பதையும் சேர்த்தே பேசவேண்டும்.

கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் காலத்தில் ஒரு கல் நாட்டப்பட்டது. கப்டன் வொன் ட்ரீபேர்க் பண்டாரவன்னியனை இந்த இடத்தருகே தோற்கடித்தார் என்று திகதியோடு பொறித்த கல். அது வென்றவனின் கல். ஊரவர் அதையே தம்முடையவனின் நினைவிடமாக்கிக்கொண்டார்கள். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு அது உடைக்கப்பட்டது. வவுனியா நகரில் அவனுக்குச் சிலை இருக்கிறது. முல்லைமணி அவனைப் பற்றி நாடகம் எழுதினார்; கடல் கடந்து மு. கருணாநிதி ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ என்று நாவலாக்கினார். வன்னியில் அவனுடைய நாடகத்தைப் பார்க்காமல் வளர்ந்த தலைமுறை குறைவு.

அவன் எப்போது இறந்தான் என்பதில் மட்டும் இருவேறு கூற்று. கற்சிலைமடுவிலேயே மாண்டான் என்பது மேடைகள் தரும் முடிவு. நாடகத்துக்கு அது வேண்டும். காயத்தோடு தப்பி, மேலும் சில ஆண்டுகள் காட்டிலிருந்தபடி ஆங்கிலேயரைத் தொல்லைப்படுத்தி, 1811இல் பனங்காமத்தில் உயிர்விட்டான் என்று சொல்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது கூற்றே வன்னித் தலைவனின் வழக்கத்துக்குப் பொருந்துகிறது. அப்படியானால் தோல்விக்குப் பின் எட்டு ஆண்டுகள் அவனுக்கு இருந்தன. அந்த எட்டு ஆண்டில் அவன் யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சரணடைந்ததாக எவரும் எழுதவில்லை.